தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்த இமாம்

ஓமலூர் வட்டாரத்தில், சரபங்கா நதிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "பேர் பத்திரிகையில் வந்தால் பழைய கடன்காரர்களுக்கு விலாசம் தெரிந்துவிடும் ஹஜ்ரத். எழுந்து ஓடவும் எனக்கு வழியில்லை" என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் லாரி ஓட்டியவர். சேலம், நாமக்கல் பகுதிகளில் லாரித் தொழிலை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வடநாட்டிலிருந்து திரும்பும் வழியில் நேர்ந்த விபத்தில் கழுத்தருகே முதுகுத்தண்டு நொறுங்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. உண்பதும் குடிப்பதும் உடல் தூய்மை செய்வதும் மனைவியின் கையால்தான். ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் வந்துவிடும் என்பதால், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதனை அவர் வருவோரிடம் எடுத்துரைக்கும் முறையே வேறு. "தோசையைக்கூட ஒரு தடவைதான் திருப்புவார்கள். என்னை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை திருப்புகிறாள். இன்னும் வேகவில்லை போலிருக்கிறது" என்பார். உடல்நிலை எப்படி என்று கேட்டால், "இன்ஜின் போய்விட்டது; ஹார்ன் மட்டும் புதுசு மாதிரி அடிக்கிறது" என்பார்.

அவர் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத அமர்ந்தேன்.

முதன்முறை அவரைக் காணச் சென்றபோது, ஆலிம்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். பொறுமையின் சிறப்பைப் பற்றிப் பேசினேன்; ஐயூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை விரிவாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பதினான்கு வருஷமாக ஐயூப் நபியின் சரித்திரத்தைச் சொல்லாமல் இந்த வாசற்படியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை ஹஜ்ரத். ஐயூப் நபிக்கு நோய் குணமாகிவிட்டது. சொல்ல வந்தவர்களும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நபிமார்களின் பெயரோடு விளையாட்டுப் பேச்சா என்று நினைத்தேன். மிகுதியான சிரிப்பு உள்ளத்தை மரிக்கச் செய்துவிடும் என்ற கருத்துடைய நபிமொழியை எடுத்துக் கூறி, சோதனையில் இருப்பவர் இறைவனை அஞ்சி அமைதி காக்க வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே அறிவுரை சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அவருடைய மனைவி தம் மகனை என்னிடம் அனுப்பியிருந்தார். "அத்தா இப்போது சிரிப்பதில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. அவர் சிரிப்பை நிறுத்திய பிறகுதான் இந்த வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார் என்பது எங்களுக்கே தெரிகிறது என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்." பையன் இவ்வளவுதான் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எடுத்துக்காட்டிய நபிமொழி உள்ளதுதான். ஆனால் அதனை யாருக்கு, எந்த இடத்தில் சொன்னேன்? மருந்து சரியானதுதான், நோயாளிதான் மாறிவிட்டார். வயிறு நிறைந்தவனுக்குரிய பத்தியத்தைப் பட்டினி கிடந்தவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் என் பழைய கிதாபுகளை எடுத்துத் தூசி தட்டினேன். மதரஸாவில் ஓதிய நாட்களில் வாய்ப்பாடமாகக் கேட்ட பெயர்களையெல்லாம் திரும்பத் தேடினேன். முதலில் கையில் அகப்பட்டவர் இமாம் அஃமஷ்.

சுலைமான் இப்னு மிஹ்ரான் என்பது அவருடைய இயற்பெயர். கூஃபா நகரத்தவர். ஹிஜ்ரி 61-ல் பிறந்து, ஹிஜ்ரி 148-ல் (கி.பி. 765) மறைந்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் அவர் வழியாக வந்த நபிமொழிகள் ஏராளம். ஏறக்குறைய எழுபதாண்டுக் காலம் ஜமாஅத்துத் தொழுகையின் முதல் தக்பீர் அவருக்குத் தவறியதில்லை என்று அவர் மாணவர் வகீஉ (ரஹ்) அவர்கள் சான்று பகர்கிறார். 'அஃமஷ்' என்றால் பார்வை மங்கி, எந்நேரமும் நீர் வடியும் கண்களை உடையவர் என்று பொருள். அந்தக் குறையே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அந்த மனிதரைப் போலச் சிரிக்க வைத்த முஹத்திஸ் ஒருவர் உண்டா என்பது சந்தேகம்.

ஒருமுறை அவர் நோயுற்றுக் கிடந்தார். நலம் விசாரிக்க வந்தவர்கள் எழுந்து போவதாகக் காணோம். பேசிக்கொண்டே இருந்தார்கள். பொறுத்துப் பார்த்த இமாம், தம் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். உங்கள் நோயாளிக்கு அல்லாஹ் குணமளித்துவிட்டான், இனி நீங்கள் போகலாம் என்ற கருத்தில் சொன்னாராம். நோயாளியிடம் நெடுநேரம் அமரக் கூடாது என்பது மார்க்க ஒழுக்கம்; அதை இதைவிடச் சுருக்கமாக யாரால் கற்பிக்க முடியும்?

மற்றொரு முறை அவருக்கும் மனைவிக்கும் பிணக்கு. சமாதானம் செய்து வைக்க ஒருவரை அழைத்து வந்தார். வந்தவரோ அந்த அம்மையாரிடம், இவருடைய கண் வடிவதையும் கால் சூம்பியிருப்பதையும் பார்க்காதீர்கள், இவர் பெரிய இமாம் என்று வக்காலத்து வாங்கினார். உடனே அஃமஷ், எழுந்து போமையா, அவளுக்குத் தெரியாதிருந்த குறைகளையும் அல்லவா எடுத்துச் சொல்லிவிட்டீர் என்று அவரை விரட்டினார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் ஒருமுறை அவரைக் காண வந்தார்கள். தங்களுக்குச் சிரமமாக இருக்குமே என்றுதான் அடிக்கடி வருவதில்லை என்று பணிவுடன் சொல்ல, நீர் உம் வீட்டில் இருக்கும்போதே எனக்குச் சிரமம்தான் என்று அஃமஷ் சொன்னதாகக் குறிப்பு உண்டு. நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே அஃமஷ்தான், சட்ட நுட்பம் அறிந்த உங்களைப் போன்றோர் வைத்தியர்கள், எங்களைப் போன்றோர் மருந்துச் சரக்கு விற்போர் என்று இமாமவர்களை மனமாரப் பாராட்டியவர்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு நிகழ்ச்சி. அஃமஷின் ஆசிரியர்களில் ஒருவரான இப்ராஹீம் நகஈ (ரஹ்) அவர்கள் ஒற்றைக் கண்ணர். இருவரும் ஒருநாள் சேர்ந்து நடந்தபோது, நாம் வெவ்வேறு தெருவில் போவோம், சேர்ந்து போனால் ஒற்றைக் கண்ணன் மங்கற்கண்ணனுக்கு வழிகாட்டுகிறான் என்று அறிவிலிகள் நகைப்பார்கள் என்றார் ஆசிரியர். நகைக்கட்டுமே, பாவம் அவர்களுக்கு, நன்மை நமக்கு என்றார் மாணவர். அதற்கு ஆசிரியரோ, நாமும் நன்மை தேட வேண்டாம், அவர்களும் பாவத்தில் விழ வேண்டாம், இருசாராரும் பிழைத்துப் போவதே மேல் என்று சொல்லிவிட்டார். இருவரும் ஊனம் உடையவர்கள். ஒருவர் பிறர் நகைப்பைத் துச்சமாக மதித்தார். மற்றவர் நகைப்பவன்மேல் இரக்கம் கொண்டார். யார் பக்கம் சரி என்று எனக்கு இன்றுவரை தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, இழிவான பட்டப் பெயர்களால் அழைக்கலாகாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனம் தடுக்கிறது. அப்படியிருக்க, நம் ஹதீஸ் நூல்களில் 'அஃமஷ்' என்றும், 'அஃரஜ்' அதாவது கால் ஊனமானவர் என்றும் எப்படிப் பெயர்கள் வந்தன? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். ஒருவர் அப்பெயரால் மட்டுமே அறியப்படுவாராயின் அடையாளத்துக்காகச் சொல்லலாம். இழிவு செய்யும் எண்ணத்தோடு சொல்வது ஹராம். வேறு பெயரால் அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே சிறந்தது. நம் ஊர்த் தெருக்களில் நொண்டி என்றும் செவிட்டு என்றும் பெயருக்கு முன்னால் ஒட்டவைத்து அழைக்கிறோமே, அது அடையாளத்துக்கா, இழிவுக்கா? வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத் திறனாளிகள்' என்று வழங்கச் செய்தது. கோப்புகளில் பெயர் மாறிவிட்டது. தெருவில் மாறக் காணோம்.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பலர் காணும் இடத்தில் ஒரு மாற்றுத் திறனாளியை இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஓர் இந்தித் திரைப்படத்தில் ஊனமுற்றோர் கேலி செய்யப்பட்டதாக நிபுண் மல்ஹோத்ரா என்பவர் தொடுத்த வழக்கு அது. அவரும் பிறவியிலேயே கைகால் குறைபாடு உடையவர். தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்களின் அமர்வு, ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. வாசித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. இந்தப் பாகுபாட்டை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவையிலேயே காண முடியும்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த உடலினர். மரத்தில் ஏறியிருந்தபோது காற்றில் ஆடை விலக, அவருடைய ஒல்லிக் கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்துவிட்டார்கள். பெருமானார் அவர்கள் காரணம் கேட்டறிந்து, மறுமையின் தராசில் அக்கால்கள் உஹுது மலையைவிடக் கனமானவை என்று உணர்த்தினார்கள். அந்தச் சிரிப்பு அத்துடன் அடங்கியது.

அதே பெருமானார் அவர்கள்தாம் கிராமவாசியான ஸாஹிர் (ரலி) அவர்களோடு விளையாடினார்கள். அவர் அழகற்ற தோற்றமுடையவர். சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தவரைப் பின்புறமாகச் சென்று கட்டியணைத்து, இந்த அடிமையை வாங்குவார் உண்டா என்று கூவினார்கள். அணைத்தவர் யாரென்று அறிந்ததும் ஸாஹிர் தம் முதுகை இன்னும் நெருக்கமாகச் சாய்த்துக்கொண்டு, விற்றால் நான் விலைபோகாத சரக்காயிற்றே என்றார். அல்லாஹ்விடம் நீர் விலைபோகாதவர் அல்லர் என்று நாயகம் அவர்கள் தேற்றினார்கள். ஸாஹிர் தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. ஆனால் அக்கேலியே அவரைப் பற்றிய கடைசிச் சொல்லாக நின்றுவிட விடவும் இல்லை. நான் என் நண்பரிடம் எதைச் செய்யத் தவறினேன் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புலனாயிற்று.

பின்வந்தோரில் அபுல் அய்னாவைச் சொல்லாமல் விட முடியாது. பஸராவில் வளர்ந்தவர், நாற்பது வயதளவில் இரு கண்ணும் இழந்தார். கண்பார்வை மட்டும் இருந்தால் உம்மை என் அவைத் தோழராக அமர்த்திக்கொள்வேன் என்றார் கலீபா முதவக்கில். பிறை பார்ப்பதிலிருந்தும் மோதிர எழுத்தைப் படிப்பதிலிருந்தும் எனக்கு விலக்களித்துவிட்டால் மற்றவற்றுக்கு நான் தகுதியானவன்தான் என்றார் இவர். பிறை பார்ப்பதில் இரண்டு கண் உள்ளவர்கள் நடத்தும் சண்டையை ஆண்டுதோறும் கண்டுவருகிற நமக்கு இதன் சுவை நன்றாகவே விளங்கும். அபுல் அய்னாவின் நாக்கு பலரைப் புண்படுத்தியதும் உண்டு. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முஃதஸிலாக் கொள்கையினரான ஜாஹிழையும் அப்படித்தான். கொள்கையில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் முதுமையில் பக்கவாதத்தால் வீழ்ந்து கிடந்த அவர், என் உடம்பில் ஒரு பாதியைக் கத்தரியால் வெட்டினாலும் தெரியாது, மறுபாதியில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் தாங்க முடியாது என்று சொன்னதைப் படிக்கும்போது, என் நண்பரின் இன்ஜினும் ஹார்னும்தான் நினைவுக்கு வந்தன.

இத்தனை தொலைவு போவானேன்? நம் சேலத்திலேயே வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற இரு சகோதரிகளை நாடறியும். இருவருக்கும் தசைச்சிதைவு நோய். தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்துகொண்டே போகும். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்நிலையிலும் அவர்கள் 2009-இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தம்மைப் போன்ற நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு வழி செய்தார்கள். அவர்களைக் கண்டு எழுதியோர் அவர்களின் சிரித்த முகத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மூத்தவரான வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். நம் மார்க்கத்தவர் அல்லர். எனினும் நல்லதை எங்கே கண்டாலும் நல்லது என்று சொல்லத்தானே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் மனத்தில் நிரப்பிக்கொண்டு மீண்டும் அந்தச் சிற்றூருக்குச் சென்றேன். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அமர்ந்தேன், மன்னிப்புக் கேட்டேன். பிறகு அஃமஷ் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்த வரலாற்றைச் சொன்னேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, "கை மட்டும் இருந்திருந்தால், போன தடவை நீங்கள் வந்தபோதே நானும் தலையணையை எடுத்திருப்பேன் ஹஜ்ரத்" என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் சிரிப்பொலி கேட்டது. அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று வெகுநேரம் பேசினோம். அப்போது அவர் சொன்ன ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். "சிரிப்பிலும் ஒரு தொல்லை இருக்கிறது. பக்கத்து வீட்டார் என்னைப் பார்க்க வருவதே சிரிக்கத்தான். ஒருநாள் வலி தாங்காமல் பேசாமல் கிடந்தால், டிக்கெட் வாங்கிவிட்டுப் படம் பார்க்காமல் திரும்புகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போகிறார்கள். நடுச்சாமத்தில் நான் அழுவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்." பொறுமைசாலி அழக் கூடாது என்று எண்ணுவோர் சூரா யூசுஃபை ஓதிப் பார்க்க வேண்டும். அழகிய பொறுமை என்ற சொல் அங்கே யஃகூப் நபி (அலை) அவர்களின் வாயிலிருந்துதான் வருகிறது. துயரத்தால் கண்கள் வெளுத்துப் போனவர்களும் அதே யஃகூப் நபிதான். அழுததற்காக இறைவன் அவர்களைப் பொறுமையாளர் வரிசையிலிருந்து நீக்கவில்லை. சிரிப்பதற்கு என் நண்பருக்கு உரிமை இருப்பதுபோல், சிரிக்காதிருக்கவும் உரிமை உண்டு. வாசலில் வந்து நிற்பவர் அதைத் தெரிந்துகொண்டு உள்ளே வர வேண்டும்.

புறப்படும்போது, ஜும்ஆவுக்கு வர ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை. தொழுகையையும் தலையசைவால் நிறைவேற்றினால் போதும். ஆசை இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு ஏழு படிகள். சக்கர நாற்காலி ஏறாது. அவர் சொன்னார்: "சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்குப் படி ஒரு இடைஞ்சலே இல்லை ஹஜ்ரத். நான், நீ என்று தோள் கொடுப்பார்கள். அதுவரைக்கும்தான் நாலு பேர் கிடைக்கவில்லை."

இதற்கு நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியன்று ஜமாஅத்தாரிடம் இந்த வார்த்தைகளை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். குருடர், முடவர், நோயாளி ஆகியோர் மற்றவர்களோடு ஒரே இடத்தில் அமர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று அன்னூர் அத்தியாயத்தின் 61-ஆவது வசனம் கூறுவதையும் எடுத்துக்காட்டினேன். உண்ணும் இடத்தில் அவர்களை ஒதுக்கக் கூடாதென்றால் தொழும் இடத்தில் எப்படி ஒதுக்குவது? பேச்சு அதிகம் நடக்கவில்லை. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல அமர்த்திய நபியின் உம்மத் நாம் என்று ஒரு பெரியவர் மட்டும் எழுந்து சொன்னார். வாலிபர்கள் மணலும் சிமெண்டும் சேர்த்தார்கள். பெருநாளுக்கு முன்பே படிகளின் பக்கவாட்டில் ஒரு சாய்தளம் உருவாயிற்று. செங்குத்தாக இருந்துவிடக் கூடாதென்று அதை இருமுறை இடித்துக் கட்டினார்கள்.

அவர் வந்த முதல் ஜும்ஆவில் நான்தான் பயான். சக்கர நாற்காலியில் இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி, பக்கத்தில் மகனோடு, முன் வரிசையின் ஓரத்தில் இருந்தார். அவரைக் கண்ட மகிழ்ச்சியில் நான் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் அதிகமாகப் பேசிவிட்டேன் போலும். தொழுகை முடிந்து அருகில் சென்று ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொல்லிவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்:

"எழுந்து போக முடியாதவன் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே என்று கொஞ்சம் சுருக்கியிருக்கக் கூடாதா ஹஜ்ரத்?"